பின்னால் வரும் லொறிக்கு

மேல்பிரிவு லயம்,
தெல்தோட்டை.
9 ஜூன் 2024

கம்பளை கராஜ்காரன் அழகமுத்துவுக்கு,

உன் அக்கா பேச்சியம்மா எழுதுவது. அக்கா என்று போட்டது, எழுதுவது யார் என்று உனக்கு விளங்கட்டும் என்றுதான். வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம்.

என் பிள்ளை ஜெயராஜைப் புதைத்த அன்று மாரியம்மன் கோயில் வாசலில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, உன் குரல் இனி என் காதில் விழாது என்று சத்தியம் பண்ணினேன். அது அப்படியே இருக்கிறது. ஆனால் சத்தியம் குரலுக்குத்தான். கடதாசிக்குக் குரல் இல்லை. பூசாரியிடமும் கேட்டுப் பார்த்தேன். "அது ஒங்க மனசப் பொறுத்ததுங்க பெரியம்மா" என்று நழுவிவிட்டார். ஆகவே இதைப் படித்துவிட்டு போன் எடுக்காதே. எடுத்தால் கட் பண்ணிவிடுவேன். கடதாசியிலேயே பதில் போடு.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். நான் அஞ்சாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கினேன். நீ எட்டு வரை படித்தது அதனால்தான்.

விஷயம் இதுதான். ஜெயராஜின் மகள் சுதர்சினி இப்போது மிட்வைப் வேலை பார்க்கிறாள். பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கத் தோட்டத்து லய வீடுகளுக்கெல்லாம் மோட்டர் பைக்கில் போகிறாள். ஸ்கூட்டர் இல்லை, ஆம்பிளைகள் ஓட்டுகிற பைக். அவள் அப்பன் சொல்லிக்கொடுத்தது. சாயந்திரம் மேல்ரோட்டிலிருந்து இறங்கும்போது பனி மூடிவிடுகிறது. முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. பின்னால் தேயிலைக் கொழுந்து லொறி, மணல் லொறி. கோயில் வளைவையும் தாண்டித்தான் வர வேண்டும். அந்த வளைவைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிரேக் அடித்தால் மின்னுகிற லைட் பூட்டினால் பின்னால் வருகிறவனுக்கு நன்றாகத் தெரியும் என்று யாரோ சொல்லி, கண்டியில் ஒரு கடையில் பூட்டினாள். அது சிவப்பும் நீலமுமாகக் கல்யாண வீடு மாதிரி ஓயாமல் மின்னியது. கலஹா பக்கம் பொலிஸ்காரன் மறித்து, "நங்கி, இது என்ன, பெரஹரா ஊர்வலமா?" என்று கேட்டு, அங்கேயே கழற்றச் சொல்லிவிட்டான். இப்போது பின்னால் பழைய மங்கல் பல்ப் ஒன்றுதான்.

எனக்கு மறதி என்கிற நோய் கிடையாது. அந்தப் பெற்றோல் வரிசைக் காலத்தில், பிரேக் லைட் எரியவில்லை என்று ஜெயராஜ் உன்னிடம் வந்தான். பல்ப் இல்லை, கப்பல் வரவில்லை என்று திருப்பி அனுப்பினாய். "மாமா இல்லைன்னுட்டாரும்மா" என்று அவன் வந்து சொன்னது, நின்ற இடத்தோடு ஞாபகம் இருக்கிறது. அவன் போன அன்று சாயந்திரம் நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கோயில் மணி கேட்டது. பக்கத்து வீட்டு ஜெயராணியின் நாய் குரைத்தது. லொறி ஹோர்ன் கேட்டது. பிறகு அந்தச் சத்தம். என் பிள்ளையின் வண்டிச் சத்தம்கூடக் கடைசியாக என் காதுக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் ஏன் உன்னிடம் கேட்கிறேன் என்றால், என் வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளையைப் பின்னால் வெளிச்சம் இல்லாமல் அனுப்ப உனக்கு இனித் துணிவு வராது. அதற்காகத்தான்.

மின்னுகிற லைட், பொலிஸ் பிடிக்காத மாதிரி, பூட்ட முடியுமா முடியாதா? அதை மட்டும் எழுது.

பேச்சியம்மா


கம்பளை,
17 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையில் எழுத்தைப் பார்த்ததும் மேசை லாச்சியில் வைத்துவிட்டேன். பிரிக்க இரண்டு நாள் ஆனது. இன்று ஹஜ்ஜுப் பெருநாள். பக்கத்துக் கடை பஹீம் பூட்டிவிட்டுப் போய்விட்டான். தெருவே அமைதி. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முடியும் அக்கா.

கண்டிக் கடையில் பூட்டியது அலங்காரச் சாமான். ஓயாமல் மின்னினால் பின்னால் வருகிறவன் சிக்னல் என்று நினைப்பான், திரும்பப் போகிறாள் என்று பக்கத்தால் வெட்டுவான். அது இன்னும் ஆபத்து. நமக்கு வேண்டியது வேறு. பிரேக் அடித்த உடனே மூன்று நான்கு தரம் படபடவென்று மின்னிவிட்டு, அப்புறம் கால் எடுக்கும்வரை நின்று எரிய வேண்டும். நிறமும் சிவப்புத்தான். பனிக்குள் நின்று எரிகிற வெளிச்சத்தைக் கண் சில நேரம் விட்டுவிடும். படபடத்தால் கண் தானாக அங்கே திரும்பும். பொலிஸும் நின்று எரிகிற விளக்கைப் பிடிக்க மாட்டான் என்று நினைக்கிறேன். பிடித்தால் நான் வந்து பேசுகிறேன்.

அதற்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, தீப்பெட்டியில் பாதி. பிரேக் சுவிட்சுக்கும் விளக்குக்கும் நடுவில் கோர்க்க வேண்டும். பெரிய வேலை இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். அவள் இறக்கத்தில் எப்படி வருகிறாள்? கியரிலா, சும்மா உருட்டிக்கொண்டா? உருட்டினால் சாவி எந்தப் பக்கம் இருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.

முட்டி வலி இருக்கிறது, ஏணி ஏற முடிவதில்லை. மற்றபடி சுகம். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

தம்பி
அழகமுத்து


தெல்தோட்டை,
25 ஜூன் 2024

அழகமுத்துவுக்கு,

சாவி எந்தப் பக்கம் என்று கேட்கிறாய். சாவி சாவி போடுகிற ஓட்டையில் இருக்கிறது. ஒரு வேலை கேட்டால் பத்துக் கேள்வி கேட்பது உனக்குச் சின்னதிலிருந்தே பழக்கம். தண்ணீர் எடுத்து வா என்றால் எந்தக் குடம், எந்தப் பீலி என்று கேட்டுக்கொண்டே நிற்பாய், நான் போய் எடுத்து வந்துவிடுவேன்.

அவள் நன்றாகத்தான் ஓட்டுகிறாள். அவள் ஓட்டுவதில் பிழை பிடிக்க உன்னைக் கேட்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வருவாள். வேலையை முடித்து அனுப்பு. சோறு கீறு போட்டு உறவு கொண்டாட வேண்டாம். அவள் அப்பனைப் பற்றியும் பேச வேண்டாம். அவள் அம்மா சுந்தரி கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து இங்கே நானும் அவளும்தான். ஏதாவது சொல்லி அழ வைத்து அனுப்பினால் தேற்றுகிற தெம்பு எனக்கு இல்லை. இப்போதெல்லாம் படி ஏறினாலே உட்கார வேண்டியிருக்கிறது.

உன் முட்டியைப் பற்றி நான் கேட்கவில்லைதான்.

பேச்சியம்மா


கம்பளை,
1 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று பிள்ளை வந்தாள். வேலை முடிந்தது. வீடு வந்து சேர்ந்திருப்பாள். இருந்தாலும் என்ன செய்தேன் என்று எழுதிவிடுகிறேன்.

பின்பக்க பிரேக் சுவிட்ச் துருப்பிடித்து இருந்தது. முழுக்க அழுத்தினால்தான் விளக்கு வந்தது. புதுசு போட்டேன், கால் பட்டதும் எரியும். முன்பக்கக் கைப்பிடி பிரேக்கிலும் எரியும். மங்கல் பல்பை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. போட்டேன். நடுவில் அந்தப் பெட்டி. பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தன, அவற்றையும் மாற்றினேன். உங்கள் ரோட்டு இறக்கத்துக்குத் தேய்ந்த கட்டை ஆகாது.

சோறு போடவில்லை. பக்கத்துக் கடையில் டீயும் பணிஸும் வாங்கிக்கொடுத்தேன். அதைச் சோறு என்று எடுக்க வேண்டாம். ஒரு பை பணிஸ் உங்களுக்கும் கொடுத்தனுப்பினேன்.

ஜெயராஜைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. அவளாகத்தான் கேட்டாள்.

"தாத்தா, ஒங்களுக்கும் அப்பாயிக்கும் என்னா கோவம்?"

"என் கொரலு அவங்களுக்குப் புடிக்கலையாம்மா."

"அம்புட்டு மோசமா இல்லையே."

"நீ நான் பாடிக் கேட்டதில்ல."

சிரித்தாள். சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் குழி விழுகிறது. நான் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

போன கடிதத்தில் நான் கேட்டதை அவளிடமே கேட்டுக்கொண்டேன். சொல்ல வேண்டியதையும் சொல்லியிருக்கிறேன். "சரி தாத்தா, சரி தாத்தா" என்றாள். வண்டி ஏறுகிற அவசரத்தில் சொன்ன சரி.

தம்பி
அழகமுத்து


தெல்தோட்டை,
14 ஜூலை 2024

அழகமுத்துவுக்கு,

லைட் எரிகிறது. நானே பிரேக்கைக் காலால் அழுத்திப் பார்த்தேன். படபடவென்று மின்னி நிற்கிறது. ஜெயராணி வீட்டுச் சுவரெல்லாம் சிவப்பாகிவிட்டது. அவள் வெளியே ஓடி வந்து, "என்னா பெரியம்மா, அம்புலன்ஸா?" என்று கேட்டாள். கலஹா பொலிஸ்காரனும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். அதே ஆள்தானாம். "இது ஹொந்தய்", நல்லது என்று தலையாட்டினானாம்.

பணிஸை நான் தொடவில்லை. ஜெயராணி பிள்ளைகள் தின்றார்கள். ஒன்றில்தான் முந்திரி வற்றல் இருந்தது, மற்றதெல்லாம் வெறும் மாவு என்று சொன்னார்கள். உன் அறுபதாவது பிறந்த நாளுக்குக் கொடுத்தனுப்பிய கேக்கும் அப்படித்தான் இருந்தது.

கொஞ்ச நாளாக நெஞ்சிலிருந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. அதற்காக உனக்கு நன்றி சொல்கிறேன் என்று நினைக்காதே. செய்ய வேண்டியதைச் செய்தாய்.

இனிச் சாயந்திரம் கோயில் வளைவு வரை நடந்து போய், அவள் இறங்கி வருவதைப் பார்க்கப் போகிறேன். ஜெயராஜ் போனதிலிருந்து அந்த வளைவுக்கு நான் போனதில்லை. கோயிலுக்குக்கூடக் கீழ்ப் படிக்கட்டால் சுற்றித்தான் போவேன். விளக்கு மின்னுவதை அந்த இடத்தில் நின்று ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

பேச்சியம்மா


தெல்தோட்டை,
28 ஜூலை 2024

அழகமுத்து,

உன் லைட் எரியவில்லை.

வளைவு ஓரத்து முட்டுக்கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பனி காலடிவரை வந்துவிட்டது. என் பேத்தி சத்தமே இல்லாமல் திடீரென்று பனிக்குள்ளிருந்து வந்தாள். வளைவில் பிரேக் அடித்தாள், கட்டை உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. முன்னால் வெளிச்சம் இல்லை. பின்னாலும் இல்லை. படபடப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் போன கொஞ்ச நேரத்தில் கொழுந்து லொறி இறங்கியது. நடுவில் அவ்வளவு தூரம்தான். நான் கத்தியது லொறிக்காரனுக்கும் கேட்கவில்லை, அவளுக்கும் கேட்கவில்லை.

மறுநாளும் போய்ப் பார்த்தேன். அன்றும் எரியவில்லை. வீட்டு வாசலில் எரிகிறது, வளைவில் எரியவில்லை. என்ன வேலை இது? யாரை ஏமாற்ற?

என் மகனை விளக்கில்லாமல் அனுப்பினாய். இப்போது அவன் மகளைப் பொய் விளக்கோடு அனுப்பியிருக்கிறாய். உன்னிடம் போகச் சொன்ன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேச்சியம்மா


கம்பளை,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கராஜைச் சாத்திவிட்டேன். இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இனிக் கிழிக்கப் போவதில்லை.

விளக்கு கெடவில்லை. சுதர்சினி மேல்ரோட்டு முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தில் சாவியை ஓஃப் பண்ணிவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறாள். அதனால்தான் உங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. சாவி ஓஃப் ஆனால் விளக்குக்கு வருகிற கரண்டும் நின்றுவிடும். பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் எரியாது. வீட்டு வாசலில் சாவி போட்டு அழுத்துகிறீர்கள், எரிகிறது. ரோட்டில் சாவி இல்லை. சாவி எந்தப் பக்கம் என்று நான் கேட்டது இதற்குத்தான். வந்த அன்று அவளிடமும் சொன்னேன்.

பெற்றோல் இல்லாத காலத்தில் மலை ரோட்டில் எல்லாரும் இப்படித்தான் இறங்கினார்கள். மேலே ஏறத்தான் பெற்றோல், கீழே இறங்க எதற்கு என்று கணக்கு. என்ஜினை மட்டும் நிறுத்த ஹேண்டிலில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அமத்தினால் விளக்குகள் இருக்கும். ஆனால் பெட்டரி இறங்கிவிடும் என்று பயந்து சாவியைத்தான் திருப்புவார்கள். தெல்தோட்டையிலும் ஹுன்னஸ்கிரியவிலும் இருந்து வருகிற வண்டிகளில் சாவி ஓட்டை தேய்ந்து கிடப்பதை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அக்கா, ஜெயராஜும் அப்படித்தான் வந்தான்.

பல்ப் இல்லை என்று நான் அவனைத் திருப்பி அனுப்பியது உண்மை. அதற்கு அடுத்த வாரம் அவன் திரும்பவும் கம்பளைக்கு வந்தான், பெற்றோல் வரிசையில் நிற்க. அப்போது என்னுடைய வண்டியிலிருந்து பல்பைக் கழற்றி அவன் வண்டியில் போட்டேன். எரிந்தது. அவன் பிரேக்கை மிதிக்க, நான் பின்னால் நின்று பார்த்தேன். அவன் உங்களிடம் சொல்லவில்லை போல. சொல்லுகிற அளவுக்கு அது அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்காது.

விபத்துக்கு மறுநாளே பொலிஸில் போய் வண்டியைப் பார்த்தது நான்தான். சாவி ஓட்டையிலேயே வளைந்து இறுகியிருந்தது. யாராலும் திருப்ப முடியாது. அது ஓஃப் பக்கம் இருந்தது. பனிக்குள் வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை, என்னால் பார்க்க முடியவில்லை என்று லொறிக்காரனும் பொலிஸில் அழுதுகொண்டு சொன்னான். எல்லாரும் அவன் பொய் சொல்கிறான் என்று நினைத்தார்கள்.

நீங்களே எல்லாரிடமும் சொல்வீர்கள், பிள்ளையின் வண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்று. வண்டி ஓடியிருந்தால் உங்கள் காதுக்குத் தப்பியிருக்காது.

சொல்ல வேண்டும் என்று அன்றைக்குக் கோயில் வாசலுக்கு வந்தேன். நீங்கள் சூடத்தை அணைத்துவிட்டீர்கள். அப்புறம் யோசித்தேன். பிள்ளையும் போய், பிழையும் அவன்மேலே என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? என்னைத் திட்டினால் சோறாவது இறங்கும் என்று நினைத்தேன். சரியா பிழையா தெரியாது. இப்போது சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து. அதனால் சொல்லிவிட்டேன்.

தம்பி
அழகமுத்து


தெல்தோட்டை,
1 செப்டம்பர் 2024

அழகமுத்துவுக்கு,

பதில் போட இவ்வளவு நாள் ஆனது, உடம்புக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. படுத்தே கிடந்தேன். சுதர்சினி பிரஷர் பார்த்தாள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். சரியாக இருந்தால் ஏன் எழும்ப முடியவில்லை என்று கேட்டேன்.

முதலில் நீ சொன்னது பொய் என்றுதான் நினைத்தேன். படுத்துக்கொண்டே அந்தச் சாயந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மணி. நாய். ஹோர்ன். மணிக்கும் நாய்க்கும் நடுவில் ஏதாவது வண்டிச் சத்தம் இருக்கிறதா என்று தேடினேன். மேல்ரோட்டில் அவன் வண்டி வந்தாலே எனக்குத் தெரியும், உலை வைப்பேன். அன்றைக்கு உலை வைக்கவில்லை. இத்தனை நாள் அதை விதி என்று நினைத்தேன். அது சாவி.

அப்புறம் பிள்ளையிடம் கேட்டேன்.

"ஏன்டி எறக்கத்துல சாவிய அமத்துற?"

"எல்லாரும் அப்படித்தான் அப்பாயி வாராங்க."

"எல்லாரும் கெடக்கட்டும். தாத்தா வேணாம்னு சொன்னாருல்ல?"

"சொன்னாரு."

"பொறகு?"

தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்த்தாள். அதட்டினேன். அப்புறம்தான் சொன்னாள்.

"சின்னதுல அப்பா என்னைய முன்னால டேங்குல ஒக்கார வச்சுக்கிட்டு வருவாரு. அந்த எறக்கம் வந்தோன சாவிய திருப்புவாரு. சத்தம் பூரா நின்னுரும். 'இப்ப கேளு, நாம ரெண்டு பேரு மட்டுந்தான்'ம்பாரு. காத்து மட்டும் கேக்கும். அந்த எடம் வந்தா கை தன்னால போகுது அப்பாயி. பெற்றோலுக்காக இல்ல."

சாவியைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டு சத்தியம் பண்ணு என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். "பண்ணிட்டு அந்த எடத்துல மறந்துட்டா? நான் ஒங்கள மாதிரி இல்ல அப்பாயி" என்றாள்.

உன் மேல் எனக்கு இப்போது வேறொரு கோபம். இரண்டு வருஷம் என்னை ஊர் முழுக்க உன்னைத் திட்ட விட்டாய். கல்யாண வீட்டில், இழவு வீட்டில், குழாயடியில், பஸ்ஸில். என் தம்பி என் பிள்ளையைக் கொன்றான் என்று பஸ்ஸில் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னேன். இனி அத்தனை பேரையும் எங்கே போய்த் தேடுவது? உனக்கு வாய் இருக்கவில்லையா? கடதாசி இருக்கவில்லையா? இதையும் நான் மறக்கப் போவதில்லை, தெரிந்துகொள்.

ஆனால் கோபப்படவும் களைப்பாக இருக்கிறது. முன்பெல்லாம் உன்னை நினைத்தால் உடம்பு சூடாகி எழும்பி வேலை பார்ப்பேன். இப்போது அதுவும் இல்லை. லொறிக்காரன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவனையும் மண் அள்ளித் தூற்றியிருக்கிறேன்.

அவள் கையை என்னால் நிறுத்த முடியாது. அந்த ரோட்டில் பனியையும் நிறுத்த முடியாது. சாவி இல்லாமல் அந்த விளக்கை எரிய வைக்க வழி இருக்கிறதா? இருந்தால் எழுது. இல்லையென்றால் இல்லை என்று எழுது.

பேச்சியம்மா


கம்பளை,
7 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறது.

சாவி வழியாகப் போகிற வயரை விட்டுவிட்டு, பெட்டரியிலிருந்து நேரே பிரேக் சுவிட்சுக்கு ஒரு வயர் இழுக்க வேண்டும், நடுவில் ஒரு பியூஸ் வைத்து. அப்புறம் சாவி எந்தப் பக்கம் இருந்தாலும், பிரேக்கில் கால் பட்டால் மின்னும். முதல் தடவையே செய்திருக்க வேண்டும். சொன்னால் கேட்பாள் என்று நினைத்தேன். ஜெயராஜும் "சரி மாமா" என்றுதான் சொல்வான்.

இறக்கம் முழுக்க அவள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துத்தான் வருவாள். ஒவ்வொரு தரமும் படபடக்கும். பின்னால் வருகிறவனுக்கு அது போதும். முன் லைட்டையும் சாவி இல்லாமல் எரிய வைக்க முடியும், ஆனால் அது பெட்டரியைக் குடித்துவிடும். எதிரே வருகிறவனுக்கு ஹோர்ன் அடிக்கச் சொல்லுங்கள், அதையும் பெட்டரியிலிருந்து நேரே கொடுத்துவிடுகிறேன். உருட்டி வருவதே சரி என்று நான் சொல்லவில்லை. கியரில் வருவதுதான் நல்லது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அவளிடம் இதை என்னால் அழுத்திச் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. வண்டி சும்மா நிற்கும்போது யாராவது பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் எரியும். லயத்துப் பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

பஸ்ஸில் சொன்னவர்களைத் தேட வேண்டாம். அவர்களுக்கு என்னைத் தெரியாது.

பிள்ளையை அனுப்புங்கள்.

தம்பி
அழகமுத்து


தெல்தோட்டை,
29 செப்டம்பர் 2024

அழகமுத்துவுக்கு,

நீ சொன்ன மாதிரியே நடந்தது. வண்டி கம்பளையிலிருந்து வந்த மறுநாளே ஜெயராணி பிள்ளைகள் பிரேக்கை மாறி மாறி மிதித்து, சுவரில் சிவப்பு வருவதைப் பார்த்துக் கூத்தடித்திருக்கிறார்கள். அதற்கடுத்த விடியற்காலை மேல்ரோட்டு லயத்தில் ஒருத்திக்கு வலி வந்து சுதர்சினியைக் கூப்பிட்டார்கள். பெட்டரி செத்துக் கிடந்தது. லயத்து ஆம்பிளைகள் தள்ளி விட்டார்கள். போய்ச் சேர்ந்தாள், பிள்ளை நல்லபடி பிறந்தது, பெண் பிள்ளை. திரும்பி வந்ததும் நான் ஜெயராணியைப் பிடித்துக்கொண்டேன். "பெரியம்மா, நீங்களே ஒரு மணித்தியாலம் மிதிச்சீங்க, நான் பாத்தேன்" என்றாள். கொஞ்ச நேரம்தான் மிதித்தேன். பிள்ளைகள்தான் அதிகம்.

இந்தப் பக்கம் இன்னும் நிறைய வண்டிகள் அப்படித்தான் இறங்குகின்றன. பெற்றோல் வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று ஒவ்வொருத்தனிடமும் கேட்டேன், சாவி எந்தப் பக்கம் என்று. உன் கேள்வியை நான் கேட்டுக்கொண்டு அலைகிறேன். சிரித்தார்கள். கிருஷ்ணராஜ் மட்டும் சிரிக்கவில்லை, ஜெயராஜோடு படித்தவன், அவனுக்கு விளங்கியது. அவனே மற்றவர்களிடமும் பேசி வைத்திருக்கிறான். எல்லா வண்டியையும் கம்பளைக்குக் கொண்டுவர முடியாது. நீ சாமான்களை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. பஸ்ஸை விட்டு இறங்கினால் மேலே ஏற உன் முட்டிக்கு முடியாது, கிருஷ்ணராஜ் வந்து கூட்டிக்கொண்டு வருவான்.

நான் பேசமாட்டேன். நீயும் என் முன்னால் வாயைத் திறக்காதே. சூடம் அணைத்தது அணைத்ததுதான். ஆனால் சோறு போடுவேன். கத்தரிக்காய் வைக்கமாட்டேன், உனக்கு ஆகாது என்று தெரியும்.

நேற்று வளைவுக்குப் போனேன். பனி அன்றைக்கு மாதிரியே இருந்தது. முட்டுக்கல்லில் உட்கார்ந்திருந்தேன். சத்தமே இல்லை. பிறகு பின் விளக்கின் வெளிச்சம் பனியில் பட்டு, ஒரு சிவப்பு படபடவென்று அடித்துக்கொண்டு வந்தது. நின்றது. திரும்பவும் அடித்தது. வண்டி தெரிவதற்கு முன்பே அது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் மணல் லொறி. அவள் வளைவில் பிரேக் அடித்ததும் சிவப்பு படபடத்தது. லொறிக்காரன் உஸ்ஸென்று பிரேக் பிடித்தான். பிடித்து, தள்ளி நின்று, அவள் வளைவைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் மெல்ல இறங்கினான். முகம் தெரிந்தது, சின்னப் பையன். வாயில் வெற்றிலை. அவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி.

அவன் போன பிறகும் நான் எழும்பவில்லை. இருட்டுகிற நேரம் சுதர்சினியே தேடிக்கொண்டு வந்து, கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

ஜெயராஜுக்கும் அந்த லொறிக்காரன் நின்றிருப்பான், தம்பி. தெரிந்திருந்தால் நின்றிருப்பான்.

பேச்சியம்மா